ஒரு சஹன், எத்தனை கைகள்?

எங்கள் பகுதிக் கல்யாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருவது வழக்கம். அந்த ஆறு பேரில் ஒருவர் மௌலவியாக இருப்பார். ஒருவர் மிளகு வியாபாரியாக இருப்பார். ஒருவர் மாப்பிள்ளையோடு படித்த பையனாக இருப்பார். முன்பின் அறியாதவர்களும் இருப்பார்கள். ஆனாலும் அங்கே ஓர் ஒழுங்கு தானாக வந்துவிடும். ஒவ்வொருவரும் தன் பக்கத்துச் சோற்றையே எடுப்பார். பெரியவர் கோழியைப் பிய்த்துச் சிறுவனின் பக்கம் தள்ளி வைப்பார். ஏழாவதாக ஒருவர் வந்தால், வீட்டுக்காரர் அவரைக் கையைப் பிடித்து அடுத்த சஹனுக்கு அழைத்துப் போவார்.

மாத்தளை மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் இஸ்லாம் பாடமும் அரபும் கற்பிப்பவன் நான். சாப்பாட்டு ஒழுங்கும் அமானிதமும் பற்றிப் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். அதே ஒழுங்கை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சஹனில், நானே மீறிவிட்டேன். அதனால் கடலுக்கு அப்பால் வாழும் என் தம்பியின் வீட்டில் இரண்டு வாரம் நிம்மதி இல்லாமல் போனது. சகோதரிகள் பலரது வீட்டிலும் இன்று இதே சஹன் இருக்கிறது என்பதால், தம்பியிடமும் அவருடைய மனைவியிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தம்பி கொடுத்த திறவுகோல்

தம்பி வளைகுடா நாடொன்றில் தொழில் செய்கிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரோடு இருக்கிறார்கள். அங்கே அவர் இணைய வியாபார நிறுவனம் ஒன்றில் அங்கத்துவம் எடுத்திருந்தார். இத்தகைய அங்கத்துவத்தில் இரண்டு பயன்கள் உண்டு. கடையில் வாங்கும் பொருட்கள் விநியோகக் கட்டணம் இல்லாமல் வீட்டு வாசலுக்கு வரும். அதே சந்தாவில் படங்களும் விவரணச் சித்திரங்களும் சிறுவர் நிகழ்ச்சிகளும் பார்க்கலாம்.

2020 மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது, உம்மா எங்கள் வீட்டில் இருந்தார். பள்ளிவாசலும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. உம்மா நாள் முழுதும் யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இதைக் கேள்விப்பட்ட தம்பி, வட்ஸ்அப்பில் தன் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பி, "நானா, உம்மாவுக்கு மீன், பறவை காட்டுற படம் இருக்கு. போட்டுக் காட்டுங்க" என்றார்.

போட்டுக் காட்டினேன். கடலுக்கு அடியில் நீந்தும் மீன்களைக் கண்டு உம்மா "ஸுப்ஹானல்லாஹ்" என்று சொன்ன சத்தம் குசினி வரை கேட்டது. மாத்தளை மலைகளுக்குள்ளேயே வாழ்ந்தவர் அவர். கடலைக் கண்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நாட்களில் தம்பி செய்த உபகாரத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கடையையும் நாங்கள் விடவில்லை. என் மகளுக்குத் தேவையான புத்தகங்கள், தங்கச்சி விரும்பிய அபாயாத் துணி, வீட்டுக்கொரு அரைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகத் தம்பியின் முகவரிக்கு ஓடர் போட்டோம். அவர் லீவில் வரும்போது பெட்டியில் கொண்டு வருவார். காசு அவருடைய அட்டையிலிருந்து போகும். வந்ததும் கொடுத்துவிடலாம் என்று இருப்போம். சிலர் கொடுத்தார்கள். சிலர் மறந்தார்கள். மறந்தவர்களில் நானும் ஒருவன்.

கலேவெலையில் இருக்கும் தங்கச்சி ஒரு நாள் வந்து, தன் பிள்ளைகளுக்கும் அந்தப் படங்களைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். "தம்பியுடையது தானே, நமது தானே" என்று சொல்லிக் கடவுச்சொல்லை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. இதுதான் என்னுடைய முதல் பிழை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான்.

பெயருக்குக் கீழே ஒரு பட்டியல்

2022ஆம் ஆண்டில் ஓர் இரவு தம்பி அழைத்தார். குரல் வேறாக இருந்தது.

"நானா, ஒங்கட வீட்டுக்கு வெளியால யாருக்காவது பாஸ்வேர்டக் குடுத்தீங்களா?"

நடந்தது இதுதான். தம்பிக்கு மாறி மாறி வரும் வேலை நேரம். சில நாட்கள் பகலில் வீட்டில் தனியாக இருப்பார். தம்பியின் மனைவி ஒரு நாள் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போடுவதற்காகத் தொலைக்காட்சியைத் திறந்திருக்கிறார். கணவரின் பெயரில் இருந்த பகுதியில், பாதியில் நிறுத்திய படங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாத படங்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். மறுநாளும் பார்த்தார், பட்டியல் நீண்டிருந்தது. பத்து நாட்களுக்கு மேல் அவர் மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார். சாப்பாடு மேசையில் பேச்சு குறைந்தது. கடைசியில் ஒரு நாள் அழுதுகொண்டே கேட்டாராம். தம்பி சத்தியம் செய்தார். அவர் பாதி நம்பினார். மற்றப் பாதியை நம்புவதற்குச் சத்தியம் மட்டும் போதவில்லை.

பிறகு தம்பி கணக்கின் அமைப்புகளுக்குள் போய், எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலை எடுத்தார். எட்டுக் கருவிகள் இருந்தன. மூன்று அவர் வீட்டில். இரண்டு எங்கள் வீட்டில். மீதி மூன்றும் யாருடையவை?

நான் தங்கச்சியை அழைத்தேன். ஒன்று அவளுடைய தொலைக்காட்சி. அவள் மூத்த மகனை அழைத்தாள். கண்டியில் அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அவன் தொலைபேசியில் வந்து, "மாமா, ஒண்டு என்ட போன். நான் ரூமில இருக்கிற ஒராளுக்கு மட்டும்தான் குடுத்தேன்" என்றான். அந்த ஒராள் தன் வீட்டில் உள்ளவருக்குக் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் யாரோ, திறந்ததும் முதலில் தெரிந்த பெயரைத் தொட்டு, இரவிரவாகப் பார்த்திருக்கிறார்கள். அந்த முதல் பெயர் என் தம்பியுடையது.

யோசித்துப் பார்த்தேன். இந்தச் சங்கிலியில் யாருமே திருடன் இல்லை. ஒவ்வொருவரும் அன்பினால்தான் கொடுத்தோம். ஒவ்வொருவரும் "ஒராளுக்கு மட்டும்தான்" கொடுத்தோம். ஆனால் சங்கிலியின் கடைசியில், முகம் தெரியாத ஒருவரின் இரவு என் தம்பியின் பெயரில் பதிவாகி, ஒரு மனைவியின் கண்ணீராக வந்து நின்றது. அதிகமான சந்தேகத்தைத் தவிர்ந்துகொள்ளும்படி அல்-ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அதே வசனம் துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. பெண்கள் கூட்டங்களில் இந்த வசனத்தை நான் பல தடவை விளக்கியிருக்கிறேன். சந்தேகிக்கும் பெண்ணுக்குத்தான் அதை விளக்கினேனே தவிர, சந்தேகத்துக்குக் காரணத்தைச் செய்து வைத்தவனுக்கு விளக்கியதில்லை.

அன்று இஷாவுக்குப் பிறகு நானே தம்பியின் மனைவியை அழைத்து, கடதாசியில் எழுதிக் கொடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் சொன்னார்: "நானா, நீங்க சொல்லாட்டி நான் ஆயுசுக்கும் முழுசா நம்பியிருக்க மாட்டேன்." நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். கடைசியாக அவர் சொன்னதுதான் என்னை அதிகம் வெட்கப்படுத்தியது: "இதுக்காக உம்மா மீன் பார்க்கிறத நிப்பாட்டிராதீங்க."

நிறுவனத்தின் கணக்கில் குடும்பம்

அதற்குப் பிறகுதான் அந்த அங்கத்துவத்தின் நிபந்தனைகளை முதல் தடவையாக வாசித்தேன். கிதாபு வாசிப்பது போல வரி வரியாக வாசித்தேன். அதில் குடும்பம் என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே முகவரியில் வசிப்பவர்களே குடும்பம். அந்தக் கணக்கின்படி நானும் தங்கச்சியும் குடும்பம் இல்லை. உம்மாவும் இல்லை.

இது ஒரு நிறுவனத்தின் விதி மாத்திரம் அல்ல. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளுக்குப் புதிதாகத் தன் சேவையை விரித்தபோது இலங்கையும் அதில் சேர்ந்தது. கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதே அன்பு என்ற கருத்தில் அந்த நிறுவனமே 2017 மார்ச்சில் டுவிட்டரில் எழுதியது. ஆனால் 2022 ஏப்ரலில் கணக்குச் சொன்னபோது பேச்சு மாறியிருந்தது. காசு கட்டும் வீடுகள் 22 கோடியே 20 இலட்சம். காசு கட்டாமல் அவர்களுடைய கடவுச்சொல்லில் பார்க்கும் வீடுகள் இன்னும் 10 கோடிக்கு மேல். அந்த வருடம் சிலி, பெரு, கொஸ்டாரிக்கா ஆகிய நாடுகளில் பரீட்சித்துப் பார்த்து, 2023 மே மாதம் 100க்கும் மேற்பட்ட நாடுகளில் விதியை இறுக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் இந்தியா உட்பட ஏனைய பல நாடுகளுக்கும் அது வந்தது. வீட்டின் இணைய இணைப்பையும் கருவிகளையும் வைத்து, யார் அந்த வீட்டார், யார் வெளியார் என்று கணிக்கிறார்கள். வெளியே இருப்பவரைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் சில நாடுகளில் மேலதிக அங்கத்தவர் என்று தனிக் கட்டணம் கட்டலாம். அமெரிக்காவில் அது மாதம் 7.99 டொலராகத் தொடங்கியது.

அமேசனின் கதையும் இப்படித்தான். 2005 பெப்ரவரியில் வருடத்துக்கு 79 டொலர் என்று அமெரிக்காவில் பிரைம் அங்கத்துவத்தைத் தொடங்கினார்கள். அப்போது அது விரைவான விநியோகத்துக்கு மாத்திரமே. 2011இல் படங்களும் சேர்ந்தன. 2022இல் கட்டணம் 139 டொலராயிற்று. வேறு முகவரியில் இருப்பவர்களோடும் விநியோகச் சலுகையைப் பகிர்ந்துகொள்ள இடம் தந்த பழைய ஏற்பாடு ஒன்று அங்கே இருந்தது. 2025 ஒக்டோபர் 1ஆம் திகதியோடு அதை முடித்துவிட்டார்கள். இப்போது ஒரே வீட்டில் வாழும் இன்னொரு பெரியவரோடும் பிள்ளைகளோடும்தான் பகிரலாம். அந்தக் குடும்ப ஏற்பாட்டில் நெடுங்காலமாக ஒரு நிபந்தனையும் இருந்தது. இணையும் இரண்டு பெரியவர்களும் ஒருவருடைய பண அட்டையை மற்றவர் பாவிக்கச் சம்மதிக்க வேண்டும். பணப்பையைத் திறந்து கொடுக்கும் அளவுக்கு நம்பிக்கை உள்ளவர்தான் குடும்பம் என்று வியாபாரி ஒரு பரீட்சை வைத்திருக்கிறார். எனக்கு அது சிந்திக்கத்தக்க பரீட்சையாகவே பட்டது. தம்பியின் அட்டையில் ஓடர் போட்டுவிட்டுக் காசு கொடுக்க மறந்த நான் அந்தப் பரீட்சையில் தேறியிருப்பேனா?

யூடியூபின் குடும்பத் திட்டத்திலும் காசு கட்டுபவரோடு மேலும் 5 பேர், ஒரே முகவரியில் வசிப்பவர்கள் என்பதே விதி. மொத்தம் ஆறு பேர். நமது சஹனின் கணக்குத்தான்!

உம்மா குடும்பம் இல்லையா?

இங்கே சகோதரிகள் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கும் வந்தது. நம் குடும்பங்கள் ஒரு கூரைக்குள் இருப்பவை அல்ல. ஒரு மகன் கட்டாரில், ஒரு மகள் அக்குறணையில், ஒரு பேரன் விடுதியில், உம்மா மாத்தளையில் என்று சிதறி இருப்பவை. தேவையுள்ள பெற்றோருக்குச் செலவழிப்பதை மார்க்கம் வசதியுள்ள பிள்ளையின் மீது கடமையாக்கியிருக்கிறது. எத்தனை கடல் நடுவில் இருந்தாலும் அந்தக் கடமை கரைவதில்லை. அப்படியிருக்க, உம்மாவைக் குடும்பம் இல்லை என்று சொல்ல இவர்கள் யார்?

கோபம் ஆறிய பின் வேறு விதமாக யோசித்தேன். அவர்கள் உம்மாவின் அந்தஸ்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. தாங்கள் விற்கும் பொருளின் அளவைத்தான் சொல்கிறார்கள். ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது, எத்தனை பேர் இருக்கலாம் என்று உரிமையாளர் உடன்படிக்கையில் எழுதுகிறார். நாம் கையெழுத்துப் போடுகிறோம். பிறகு "என் சாச்சாவின் பிள்ளைகளும் என் இரத்தம் தானே" என்று இன்னும் இரண்டு குடும்பத்தைக் குடியேற்றினால், இரத்த உறவு பொய்யாகிவிடாது. ஆனால் உடன்படிக்கை முறிந்துவிடும். செய்த ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படிதான் அல்-மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் ஆரம்பமாகிறது. உறவின் புனிதத்தைக் காட்டி வாக்கை முறிக்க நமக்கு அனுமதி இல்லை.

"அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இதனால் என்ன நட்டம்?" என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் கேட்டார். அமானிதம் யாருடையது, அவர் ஏழையா பணக்காரரா என்று பார்த்து அதன் சட்டம் மாறுவதில்லை என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்குள்ளேயே இன்னொன்றும் சொல்லிக்கொண்டேன்: நட்டம் நிறுவனத்துக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? நட்டப்பட்டது என் தம்பியின் மனைவி.

அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய ஷாபிஈ மத்ஹபின் ஃபிக்ஹுப் பாடத்தில் இரவல் பற்றி ஒரு சட்டம் உண்டு. ஒரு பொருளை இரவல் வாங்கியவர், சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் அதை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கக் கூடாது. காரணம், அவருக்குக் கிடைத்தது பாவிப்பதற்கான அனுமதி மாத்திரம். பயன் அவருக்குச் சொந்தமாகிவிடவில்லை. பக்கத்து வீட்டு உரலை வாங்கி வந்தால் இடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். மூன்றாம் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழுப் புள்ளியும் எடுத்தவன் நான். தம்பியின் கடவுச்சொல் இரவல் பொருள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. கையில் பிடிக்க முடியாத பொருளாக இருந்ததால், அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார் என்பதையே மறந்துவிட்டேன்.

ஆறாவது விருந்தாளி

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அபூ ஷுஐப் (ரழி) என்ற அன்ஸாரித் தோழர், இறைச்சி விற்கும் தன் பணியாளரிடம் ஐந்து பேருக்குப் போதுமான உணவு தயாரிக்கச் சொல்லி, நபியவர்களை ஐந்தில் ஒருவராக அழைத்தார். போகும் வழியில் இன்னொருவரும் கூடவே சேர்ந்துகொண்டார். வீட்டை அடைந்ததும் நபியவர்கள், இவர் எங்களைத் தொடர்ந்து வந்துவிட்டார், நீங்கள் விரும்பினால் அனுமதி கொடுங்கள், இல்லாவிட்டால் திரும்பிவிடுவார் என்ற கருத்தில் விருந்து கொடுப்பவரிடம் கேட்டார்கள். அவர் அனுமதித்தார்.

சகோதரிகளே, கவனியுங்கள். கேட்டவர் அல்லாஹ்வின் தூதர். அவர்கள் பத்துப் பேரை அழைத்துச் சென்றிருந்தாலும் அந்தத் தோழர் மகிழ்ந்திருப்பார். ஆனாலும் ஒரேயொரு மேலதிக ஆளுக்காக வாசலில் நின்று அனுமதி கேட்டார்கள். நாம் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

இன்னொரு ஹதீஸும் உண்டு. பலர் சேர்ந்து பேரீச்சம்பழம் சாப்பிடும்போது, கூட இருப்பவரின் அனுமதி இல்லாமல் ஒருவர் இரண்டிரண்டாகச் சேர்த்து எடுப்பது தடுக்கப்பட்டுள்ளது. பஞ்ச காலமொன்றில் மக்கள் பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இப்னு உமர் (ரழி) அவர்கள் அந்த வழியால் போகும்போதெல்லாம் இதை நினைவூட்டுவார்களாம். பகிரப்படும் அங்கத்துவத்தில் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய திரைகளுக்கு ஓர் எண்ணிக்கை இருக்கும். தம்பியின் பிள்ளைகள் சில மாலைகளில் திறந்தால், வேறு கருவிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்க முடியாது என்று வருமாம். காசு கட்டியவரின் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

1996 மார்ச் 17ஆம் திகதியும் நினைவுக்கு வருகிறது. லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று நம் நாடு உலகக் கிண்ணத்தை எடுத்த நாள். எனக்குப் பதினாறு வயதிருக்கும். எங்கள் தெருவில் நல்ல தொலைக்காட்சி ஒரு ஹாஜியார் வீட்டில்தான் இருந்தது. அவர் கதவைத் திறந்துவிட்டு, பெண்களுக்கு உள் அறையைக் கொடுத்து, எங்களைத் தரையில் உட்கார வைத்தார். அன்றும் ஒரு பொருளைத்தான் தெருவே பகிர்ந்தது. ஆனால் யார் வந்தார், யார் போனார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். கத்தினால் அதட்டுவார். தேத்தண்ணியும் கொடுப்பார். கதவைத் திறந்து வைத்து ஆட்களை அழைப்பது ஒரு வகை. வீட்டுச் சாவியை வெட்டி வெட்டி ஊருக்குக் கொடுப்பது வேறு வகை. நாங்கள் செய்தது இரண்டாவது.

வீட்டில் செய்யக்கூடியவை

அனேக வீடுகளில் இந்தக் கடவுச்சொற்களைக் காப்பவர்கள் பெண்கள்தான். பிள்ளை கேட்டாலும், சகோதரி கேட்டாலும் அவர்களிடம்தான் வருகிறார்கள். ஆகவே அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அங்கத்துவம் எடுக்கும்போது குடும்பம் என்று அந்த நிறுவனம் யாரைச் சொல்கிறது என்பதை வாசியுங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் படிக்கும் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம். மற்றவரின் கணக்கு உங்களிடம் இருந்தால், அவரிடம் கேட்காமல் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். மகனுக்கும் அப்படியே சொல்லுங்கள்.

இரண்டாவது, ஒரே வீட்டுக்குள்ளும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர்ப் பகுதி வையுங்கள். சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியும், வயதுக்கேற்ற எல்லையும் பல சேவைகளில் வைக்கலாம். பெரியவர்களின் பகுதியை இரகசிய இலக்கத்தால் பூட்டவும் வழி உண்டு. தன் பக்கத்திலிருந்து சாப்பிடும்படி நபியவர்கள் சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு இங்கேயும் பொருந்துகிறது. அதே போல, மற்றவரின் பட்டியலைத் திறந்து ஆராயவும் வேண்டாம். மனதில் ஏதும் உறுத்தினால் பத்து நாள் காத்திராமல், அமைதியாக வாய் திறந்து கேளுங்கள்.

மூன்றாவது, கடைக் கணக்கில் பண அட்டை பதிந்திருந்தால், அந்தக் கடவுச்சொல் பணப்பை என்றே நினையுங்கள். உறவினருக்காக வாங்குவதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்-பகரா அத்தியாயத்தின் மிக நீண்ட வசனம் ஏவுவது உறவினருக்கு விதிவிலக்கு வைத்து அல்ல.

நான்காவது, சில மாதங்களுக்கு ஒரு முறை கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். அறியாத கருவி இருந்தால் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொலைக்காட்சியை விற்கும்போதும், வாடகை வீட்டை விட்டுப் போகும்போதும் இதைச் செய்யுங்கள். மாற்றியதற்காக உறவினர் கோபித்தால் காரணத்தைச் சொல்லுங்கள், சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

உம்மாவின் சந்தா

நாங்களும் தம்பியின் கணக்கிலிருந்து விலகிக்கொண்டோம். பழைய ஓடர்களின் காசை நானும் தங்கச்சியும் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். தம்பி வேண்டாம் என்றார், ஆனாலும் கொடுத்தோம். மருமகன் தன் நண்பரிடம் பேசி, பிறகு சாச்சிக்குத் தானே அழைத்து மன்னிப்புக் கேட்டான். அவனைக் கேட்க வைத்தது நான் அல்ல, என் தங்கச்சி.

உம்மாவுக்கு என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. கையடக்கத் தொலைபேசியில் பார்க்கும் சிறிய சந்தா ஒன்றை எங்கள் பெயரில் எடுத்தோம். தம்பி ஒவ்வொரு நோன்புக்கும் உம்மாவுக்கு அனுப்பும் காசிலிருந்து அதற்குக் கட்டச் சொல்லி உம்மாவே பிடிவாதம் பிடித்தார். மகன் கொடுத்த ஹதியா அவருடைய கைக்கு வந்துவிட்டது. அதை எதற்குச் செலவழிப்பது என்பது அவருடைய உரிமை. அவ்வளவு எளிதாக முடிகிற காரியத்தை நாங்கள் இரண்டு வருடம் சிக்கலாக்கி வைத்திருந்தோம்.

இப்போது அஸருக்குப் பிறகு உம்மா தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "மகன், இது இப்ப எனக்குச் சொந்தம் தானே? பக்கத்து வீட்டு மாமியக் கூப்பிட்டுக் காட்டினா குத்தமா?" என்று கேட்டார்.

"இல்ல உம்மா, வீட்டுக்கு வந்து உங்களோட இருந்து பார்க்கட்டும்" என்றேன்.

மாமி வந்தார். என் மனைவி இருவருக்கும் தேத்தண்ணி வைத்தாள். இரண்டு பேரும் ஒரு சிறிய திரைக்கு முன்னால் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து, கடலுக்கு அடியில் போகும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் பகிர்தல்கள் எல்லாம் யாரையும் அழ வைக்காத பகிர்தல்களாக அமைய அல்லாஹ் அருள் புரிவானாக.